அட்டவணையும் உண்மையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் ஒருவன் கணினி நிரலைக் குறித்துக் கட்டுரை வரையப் புகுந்தது கண்டு, இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர்கள் வியப்புறலாம்; சிலர் நகைக்கவும் கூடும். "தரவு என்பது கலிப்பாவின் முதலுறுப்பு என்று கற்றவனுக்குக் கணினித் தரவோடு என்ன தொடர்பு?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் முன்னரே வினவிவிட்டார். அவருக்கு யான் கூறிய விடை ஒன்றே. கணினியின்மீது கொண்ட காதலால் யான் இவ்விஷயத்தைக் கற்கவில்லை. நம் விடுதி மாணவர் ஒருவருக்கு யான் இழைத்த தீங்கே என்னைக் கற்கச் செய்தது. அத்தீங்கினையும் அதனாற் பெற்ற பாடத்தினையும் ஒளியாது கூறுதல் என் கடமையாதலின், இதனை எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் நெடுங்காலம் கணக்கெழுதியவர். யான் சிறுவனாயிருந்தபோது விடுமுறை நாட்களில் அவர் அருகில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பதுண்டு. அவர் மேசைமீது இரண்டு புத்தகங்கள் எப்பொழுதும் இருக்கும். ஒன்று சிட்டை, மற்றொன்று பேரேடு. கடையில் நிகழும் ஒவ்வொரு வரவும் பற்றும் நிகழ்ந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். இரவு கடை சாத்திய பின்னர், அச்சிட்டையைப் பார்த்து ஒவ்வொருவர் கணக்கும் அவரவர் பெயருக்குரிய பேரேட்டுப் பக்கத்தில் பெயர்த்தெழுதப்படும். "சிட்டையில் இல்லாதது பேரேட்டில் இருக்கலாகாது. சிட்டையில் எழுதியதை அழிக்கவும் கூடாது. பிழை நேர்ந்தால், அதைத் திருத்தும் வரியை இன்றைய தேதியில் புதிதாக எழுது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அக்காலத்தில் அஃது எனக்கு வீண் கண்டிப்பாகவே தோன்றிற்று. அதன் பொருளை யான் உணர்ந்தது பல்லாண்டுகளுக்குப் பின்னர், ஒரு கணினித் திரையின் முன்னே, தலை கவிழ்ந்திருந்த வேளையில்.

சென்ற கல்வியாண்டில் விடுதி உணவுச்சாலைக் குழுவில் கணக்கர் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஏறக்குறைய 240 மாணவர் உணவருந்தும் சாலை அது. ஒவ்வொருவருக்கும் பதிவெண், பெயர், விடுப்பு நாட்கள், செலுத்திய தொகை, நிற்கும் பாக்கி ஆகிய ஐந்தும் குறிக்கப்படல் வேண்டும். அதற்கு முன்னெல்லாம் இவை ஒரு பெரிய புத்தகத்தில் எழுதப்பட்டு வந்தன. புதுமையில் ஆவல் மிக்க யான், ஒரு மாதம் முயன்று நிரலெழுதக் கற்று, இக்கணக்கு முழுவதையும் கணினித் திரையில் ஓர் அட்டவணையாகக் காட்டும் சிறு நிரல் ஒன்றை இயற்றினேன். அட்டவணையின் தலைப்புக்களில் எதனை அழுத்தினாலும் வரிகள் அதற்கேற்ப வரிசை மாறும். அடியில் மொத்தத் தொகை நிற்கும். கண்டோர் யாவரும் பாராட்டினர். யானும் உள்ளம் பூரித்தேன்.

அந்நிரலின் அமைப்பு எத்தகையது என்பதை ஈண்டுக் கூறுதல் வேண்டும். கணினியின் நினைவகத்தில் மாணவர் பட்டியல் ஒன்று பதிவெண் வரிசையில் இருந்தது. திரையில் அதனைப் பார்த்தெழுதிய வரிகள் இருந்தன. யாரேனும் பணம் செலுத்தினால், யான் திரையில் அவருடைய வரியில் தொகையை இடுவேன். நிரல் அவ்வரியில் உள்ள கட்டத்தை மாற்றும். பின்னர், அது திரையில் எத்தனையாவது வரி என்று எண்ணி, பட்டியலிலும் அத்தனையாவது இடத்தை மாற்றும். இறுதியில் மொத்தத் தொகையையும் கூட்டும். ஆக, ஒரே உண்மை மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தது. ஒன்று மாறினால் மற்றவையும் மாறவேண்டுமென்று கட்டளையிடுவது நிரலாசிரியனாகிய என் பொறுப்பாய் இருந்தது. இதில் இடர் ஒளிந்திருப்பதை யான் சிறிதும் அறிந்திலேன்.

பணம் செலுத்தும் கடைசி நாளன்று மாலை, பாக்கி மிகுதியாக உள்ளோர் மேலே நிற்பின் தேடுதல் எளிது என்று கருதி, பாக்கி என்னும் தலைப்பை அழுத்தினேன். திரையில் வரிகள் இடம் மாறின. நினைவகத்துப் பட்டியலோ பழைய வரிசையிலேயே கிடந்தது. அதன் பின்னர் மூவர் வந்து பணம் செலுத்தினர். திரையில் அவரவர் வரியே மாறிற்று. யானும் கண்ணாரக் கண்டேன். ஆயின், பட்டியலில் வேறு மூவர் கணக்கில் அத்தொகைகள் ஏறின. இரவு பெட்டியிலிருந்த பணத்தை எண்ணினேன். மொத்தத் தொகையோடு ஒரு காசும் பிசகாது ஒத்தது. ஒத்ததில் வியப்பில்லை, எவர் பெயரில் ஏறினும் கூட்டுத்தொகை ஒன்றேயன்றோ? கூட்டுத்தொகை சரியாயிருப்பது கணக்குச் சரியாயிருப்பதற்குச் சான்றாகாது என்பதை அன்று யான் அறிந்திருந்தால், பின்னர் நிகழ்ந்தது நிகழ்ந்திராது.

மறுநாள் நிரலை மீண்டும் திறந்தபோது அது பட்டியலைப் பார்த்துப் புதிதாய் அட்டவணையை எழுதிற்று. அதிலிருந்து பாக்கிதாரர் பெயர்களை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வழக்கப்படி இரவு உணவின் முடிவில் அவற்றை உரக்கவும் படித்தேன். ஏழு பெயர்கள். ஐந்தாம் பெயருக்குரியவர் முதலாண்டு மாணவர் ஒருவர், எழுந்து நின்று, "அண்ணா, நான் நேற்றே கட்டிவிட்டேனே" என்றார். "தம்பி, அட்டவணையில் அப்படி இல்லை. ரசீது இருந்தால் கொண்டுவா" என்றேன். "ரசீதை அம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டேன், அண்ணா. நேற்றுப் பணம் கொண்டுவந்ததே அவர்கள்தாம்" என்றார் அவர். அண்மையில் இருந்த ஒரு மேசையில் சிரிப்பொலி எழுந்தது. யான் கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டி, "இதோ, எழுதியிருக்கிறதே" என்று சொல்லி அடுத்த பெயரைப் படித்தேன். அவர் வேறொன்றும் கூறாது அமர்ந்தார்.

அவருடைய தாயார் பீடி சுற்றிப் பொருளீட்டி மகனைப் படிக்க வைப்பவர் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. அதன் பின் இரண்டு நாட்கள் அவர் உணவுச்சாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் என் மனம் அமைதியின்றி, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டினேன். அங்கே அவர் பெயரும், ரூ. 3,150 என்னும் தொகையும், என் கையெழுத்தும் இருந்தன.

உடனே அவர் அறைக்கு ஓடினேன். பிழை என்னுடையது என்று கூறி மன்னிப்பு வேண்டினேன். அவர் சினந்து பேசவில்லை. "பரவாயில்லை, அண்ணா. அறிவிப்புப் பலகையிலும் மாற்றிவிடுங்கள்" என்றார். அவ்வளவே. அட்டவணையைத் திருத்திவிட்டதாக யான் மகிழ்ந்திருந்தேன். பலகையில் ஒட்டிய தாள் அங்கேயே இருக்கின்றது என்பதும், அதனை நாள்தோறும் 240 பேர் கடந்து செல்கின்றனர் என்பதும் அவர் சொல்லிய பின்னரே என் நினைவுக்கு வந்தன.

அன்றிரவு, எங்கள் மாடியில் வசிக்கும் கணினி அறிவியல் முதுகலை மாணவர் ஒருவரிடம் சென்று என் நிரலைக் காட்டினேன். அவர் சற்று நேரம் அதனை நோக்கியிருந்து, "தம்பி, நீ ஓரிடத்தில் எழுதவேண்டியதை மூன்றிடத்தில் எழுதியிருக்கிறாய். மூன்றும் என்றைக்கும் ஒத்திருக்குமென்று யார் உனக்கு உறுதி கூறினார்?" என்றார். அக்கணமே என் தந்தையார் மேசைமீதிருந்த இரு புத்தகங்களும் கண்முன் வந்து நின்றன. யான் வைத்திருந்தவை சிட்டையும் பேரேடும் அல்ல. ஒன்றையொன்று அறியாத மூன்று பேரேடுகள். சிட்டை என்னிடம் இல்லவே இல்லை.

திரையிற் காண்பதையும் உள்ளிருக்கும் தரவையும் ஒத்திருக்கச் செய்தல் என்னும் இடர்ப்பாடு எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. அறிஞர் பலர் பல்லாண்டுகள் ஆராய்ந்தது. 1979ஆம் ஆண்டில் நார்வே நாட்டறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக், அமெரிக்காவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தங்கியிருந்தபோது, தரவு வேறு, அதனைக் காட்டும் தோற்றம் வேறு என்று பிரித்து வைக்கும் முறையை வகுத்தார். தரவு மாறுந்தோறும் தோற்றங்களுக்குச் செய்தி அனுப்பப்படும். அவை தம்மைத் திருத்திக்கொள்ளும். அதே 1979இல் டான் பிரிக்ளின், பாப் பிராங்க்ஸ்டன் என்னும் இருவர் விசிகால்க் என்னும் கணக்குத் தாள் நிரலை வெளியிட்டனர். அதில் ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக வாய்பாட்டை எழுதலாம்; ஏனைய கட்டங்கள் மாறினால் வாய்பாட்டுக் கட்டம் மீண்டும் கணிக்கப்படும். கூட்டுத்தொகையை எவரும் கையால் திருத்த வேண்டுவதில்லை.

இவ்வாய்பாட்டின் இயல்பையே நிரல் முழுமைக்கும் விரிப்பது சார்பு நிரலாக்கம் என்பது. 1930களில் அலோன்சோ சர்ச் என்னும் தருக்க நூலார் வகுத்த கணிப்பு முறையில் வேரூன்றி, 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியில் முளைத்து, 1990இல் முதல் வரையறை வெளிவந்த ஹாஸ்கெல் முதலிய மொழிகளில் தழைத்தது இந்நெறி. இதன் உயிர்நாடி யாதெனின், ஒரு பெயருக்கு ஒருமுறை தந்த பொருள் பின்னர் மாறலாகாது என்பதும், ஒரு சார்பு தனக்குத் தரப்பட்டவற்றினின்று விடையைப் பிறப்பித்தலன்றிப் பிறிதொன்றையும் தொடலாகாது என்பதும் ஆம்.

தமிழ் பயில்வார்க்கு இதனை விளக்குதல் எளிது. நிலைமொழியாகிய 'கல்' என்பதும் வருமொழியாகிய 'சிலை' என்பதும் புணர்ந்து 'கற்சிலை' என்று ஆகின்றன. அவ்வாறு ஆயினமையால் அகராதியில் உள்ள 'கல்' என்னும் சொல் திரிந்துவிட்டதோ? இல்லை. அது 'கல்' என்றே நின்று, நாளை 'கல்வெட்டு' என்று புணரவும் ஆயத்தமாயிருக்கின்றது. அதே இரு சொற்கள் அதே பொருளிற் புணரும்போதெல்லாம் அதே முடிபே பெறப்படும். புணர்ச்சி விதி என்பது ஒரு சார்பு. கற்சிலை என்பது அதன் விடை. மூலச் சொற்களுக்கு ஊறு யாதும் இல்லை. யானோ கற்சிலை வேண்டியபோதெல்லாம் அகராதியையே திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

"பொருள் மாறலாகாது என்றால், நாள்தோறும் மாறும் கணக்கை எவ்வாறு எழுதுவது?" என்று அம்முதுகலை மாணவரை வினவினேன். அதற்கு விடையாக அவர் இரண்டு நெறிகளைக் கூறினார். 1997இல் கோனல் எலியட், பால் ஹூடாக் என்னும் இருவர் ஃபிரான் என்னும் முறையை வெளியிட்டனர். காலத்தோடு மாறும் மதிப்பு என்பது ஒன்று, ஒரு கணத்தில் நேரும் நிகழ்ச்சி என்பது மற்றொன்று என்று வைத்து, மாறுதலையே ஒரு பொருளாக்கி அவர்கள் ஆண்டனர். அந்நெறியின் வழித்தோன்றலாக 2012இல் ஈவன் சாப்லிக்கி என்பவர் உலாவியில் இயங்கும் எல்ம் என்னும் மொழியை ஆக்கினார். நாளடைவில் அம்மொழி மேலும் எளிய வடிவம் பெற்று, நிலை, மாற்றம், தோற்றம் என்னும் மூன்று பகுதிகளில் அமைந்தது. எனக்கு இவ்வெளிய வடிவமே ஏற்றதாய்த் தோன்றிற்று.

நிலை என்பது கணக்கின் முழு உண்மை. அஃது ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். மாற்றம் என்பது ஒரு சார்பு, பழைய நிலையையும் நேர்ந்த செய்தியையும் பெற்றுப் புதிய நிலையைத் தரும், பழையதை அழிக்காது. தோற்றம் என்பதும் ஒரு சார்பு. நிலையைப் பெற்று, திரையில் எவை எவ்வாறு தோன்றவேண்டும் என்னும் விவரத்தைத் தரும். திரையைத் தொட்டுத் திருத்தும் வேலை எனக்கில்லை. யான் சொல்வதெல்லாம், "நிலை இவ்வாறிருப்பின் அட்டவணை இவ்வாறிருக்கும்" என்பதே. கூட்டுத்தொகை எங்கும் சேமிக்கப்படுவதில்லை. வேண்டும்போது நிலையினின்று பிறக்கும். வரிசை மாற்றுதலும் அத்தகையதே. பாக்கியின்படி அடுக்குக என்றால், அடுக்கப்படுவது தோற்றமேயன்றி உண்மையன்று. என் பழைய நிரலில் நேர்ந்த கேடு இதில் நேர வழியே இல்லை. திரையின் வரிசையும் பட்டியலின் வரிசையும் ஒத்திருக்கவேண்டும் என்னும் தேவையே ஒழிந்தமையால்.

மாற்றம் என்னும் சார்பை எழுதப் புகுந்தபோது எனக்கு ஓர் இன்பம் பிறந்தது. அட்டவணைக்கு நேரக்கூடிய மாறுதல்கள் எத்தனை என்று எண்ணினேன். புதிய மாணவர் சேரின் ஒரு வரி தோன்றும். பணம் செலுத்தின் ஒரு வரி திரியும். விடுதியை விட்டு நீங்கின் ஒரு வரி கெடும். தோன்றல், திரிதல், கெடுதல்! நன்னூலார் எழுத்துக்களின் விகாரத்திற்குக் கூறிய மூன்றுமே ஈண்டும் அமைந்தன; நான்காவதொன்று இல்லை. இம்மூன்றையும் மூன்று வகைச் செய்திகளாக எழுதினேன். எல்ம் மொழியின் கம்பைலர் பெருங் கண்டிப்புடைய ஆசிரியர் போன்றது. மூன்றனுள் ஒன்றற்கு விதி எழுத மறப்பினும், "இச்செய்தி வந்தால் யாது செய்வது என்று கூறவில்லையே" என்று நிரலை ஏற்க மறுக்கும்.

"ஒருவர் பணம் செலுத்தும்தோறும் 240 வரிகளையும் புதிதாக எழுதினால் கணினி களைத்துவிடாதோ?" என்னும் ஐயம் எழுதல் இயல்பு. எனக்கும் எழுந்தது. அதற்கு இரண்டு விடைகள் உள. முதலாவது, புதிய நிலை என்பது பழையதன் முழு நகலன்று. மாணவர் கணக்குகள் பதிவெண்ணைக் கொண்டு கிளை கிளையாய்ப் பிரியும் மரமாக வைக்கப்பட்டுள்ளன. ஒருவர் கணக்கு மாறினால், வேரினின்று அக்கணக்குவரை உள்ள ஏறத்தாழ எட்டுப் பத்துக் கணுக்களே புதியனவாக ஆக்கப்படும். எஞ்சிய கிளைகள் யாவும் பழைய மரத்திற்கும் புதிய மரத்திற்கும் பொதுவாய் நிற்கும். எவையும் மாறா என்னும் உறுதி இருப்பதனாலன்றோ இங்ஙனம் அச்சமின்றிப் பங்கிட்டுக்கொள்ள முடிகின்றது? இரண்டாவது, தோற்றம் என்னும் சார்பு திரையையே நேரிற் படைப்பதன்று. திரையின் விவரத்தைத்தான் படைக்கின்றது. பழைய விவரமும் புதிய விவரமும் ஒப்புநோக்கப்பட்டு, வேறுபட்ட கட்டங்கள் மட்டுமே திரையில் திருத்தப்படும். 2013இல் உலகிற்கு வெளியிடப்பட்ட ரியாக்ட் என்னும் கருவித் தொகுதி இம்முறையைப் பெரிதும் பரப்பிற்று. எல்ம் மொழியிலோ 'லேசி' என்றொரு பகுதியும் உண்டு. சோம்பல் என்பது அதன் பொருள். தரப்பட்ட பொருள் முன்னையதேயாயின், அவ்வரியின் விவரத்தை மீண்டும் ஆக்காது அது வாளா இருந்துவிடும். சோம்பல் புகழ்தற்குரியதாகிய இடம் இஃதொன்றே போலும்.

இவ்வாறு புதிய நிரலை இயற்றிச் சில வாரம் நன்கு நடத்தினேன். இனிப் பிழையே இல்லை என்று இறுமாந்திருந்த வேளையில் இரண்டாம் பிழை தலைகாட்டிற்று. இதற்குள் விடுதி அலுவலகக் கணினியும் அதே கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தது. ஒருநாள் யான் ஒருவர் வரியில் தொகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பாதி எண் இட்டிருந்தேன். அக்கணம் அலுவலகத்தில் புதிய மாணவர் ஒருவர் சேர்க்கப்பட்டார். அட்டவணையின் தலையில் ஒரு வரி தோன்றிற்று. யான் தட்டிய பாதி எண் இருந்த பெட்டியோ அசையாது அதே இடத்தில் நிற்க, அதன் பக்கத்திலிருந்த பெயர் மட்டும் மாறி, முன்னர் மேல்வரியில் இருந்தவர் பெயர் அங்கே வந்தது! நல்வினைப் பயனாக யான் கண்டுகொண்டேன். இன்றேல் மற்றுமொருவர் எழுந்து நின்று, "அண்ணா, நான் கட்டிவிட்டேனே" என்றிருப்பார்.

இதன் காரணத்தை ஆராய்ந்தபோது இரு உண்மைகள் விளங்கின. ஒன்று, யான் பாதி தட்டிய எண் நிலையில் இல்லை. திரையிலுள்ள பெட்டி அதனைத் தன்னுள் மறைத்து வைத்திருந்தது. ஓரிடத்தில்தான் உண்மை இருக்கவேண்டும் என்னும் விதியை யான் முழுமையாக ஒழுகவில்லை. மற்றொன்று, பழைய விவரத்தையும் புதியதையும் ஒப்புநோக்கும்போது, வேறு குறிப்பு இல்லாதவழி, முதல் வரி முதல் வரியோடும் ஐந்தாம் வரி ஐந்தாம் வரியோடுமே ஒப்பிடப்படும். வரியை அதன் இடத்தால் அறிகின்றதேயன்றி, அது யாருடையது என்று அறிகின்றிலது. ஆசிரியர் ஒருவர் மாணவரை முகத்தால் அறியாது பெஞ்சியால் அறிவாராயின், இருவர் இடம் மாறி அமர்ந்த அன்று இவர் மதிப்பெண் அவருக்குச் சேரும்.

இதற்கு மாற்று மருந்து எல்ம் மொழியில் 'கீட்' என்னும் பகுதியாகவும், ரியாக்டில் 'கீ' என்னும் குறியாகவும் அமைந்துள்ளது. ஒவ்வொரு வரிக்கும் அதற்கே உரிய அடையாளம் ஒன்றைத் தருதல் வேண்டும். யான் ஒவ்வொரு வரிக்கும் மாணவர் பதிவெண்ணை அடையாளமாகக் கொடுத்தேன். அதன் பின்னர் மேலே எத்தனை வரிகள் தோன்றினும் கெடினும், ஒருவருடைய பெட்டி அவரோடே செல்லும். பாதி தட்டிய எண்ணையும் நிலைக்குள்ளேயே கொண்டுவந்தேன். "வரிசை எண்ணையே அடையாளமாகத் தந்தால் ஆகாதோ?" என்று சிலர் வினவுவர். ஆகாது. வரிசை எண் வரியின் இடத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

இறுதியாக ஒரு மாறுதல் செய்தேன். வந்த செய்திகள் யாவற்றையும் நேர்ந்த வரிசையில், அழியாதபடி, ஒரு கோப்பில் எழுதி வைக்கச் செய்தேன். ஒன்றுமில்லாத நிலையினின்று தொடங்கி அச்செய்திகளை ஒவ்வொன்றாக மாற்றம் என்னும் சார்பிற்குத் தந்தால், இறுதியில் இன்றைய நிலை கிடைக்கும். சார்பு நிரலாக்கத்தார் இச்செயலை ஃபோல்டு என்பர். மடித்தல் என்று பொருள். எவரேனும் தம் கணக்கில் ஐயுற்றால், எந்த நாள், எந்தச் செய்தியால் அது மாறிற்று என்று காட்டலாம். பிழையான வரியை அழிப்பதில்லை. திருத்தும் வரி ஒன்று புதிதாக ஏறும். இதனை விடுமுறையில் என் தந்தையாருக்கு விளக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இது சிட்டையடா" என்றார்.

நண்பர்காள், இத்துணையும் கணினிக்குள் நிகழும் ஒழுங்கு. கணினிக்கு வெளியே நின்ற நகல்களை யாது செய்வது? அறிவிப்புப் பலகைத் தாள் ஒரு நகல். அதனைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை ஒட்டினேன். இப்பொழுது அங்கே ஒட்டப்படும் ஒவ்வொரு தாளின் தலையிலும் அஃது எந்த நாள், எந்த மணிக்குரிய நிலை என்று அச்சாகின்றது. மாறும் உண்மையோடு தானும் மாற இயலாத தாள், எக்காலத்து உண்மையைச் சொல்கின்றது என்பதையாவது கூறுதல் வேண்டுமன்றோ?

ஆயின், அவ்விரவு உணவுச்சாலையில் இருந்தோர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் பதிந்த நகல் ஒன்று உண்டே. "அவன் கட்டாமலே கட்டிவிட்டேன் என்கிறான்" என்று அங்கு எழுதப்பட்டுவிட்டது. அதனைப் புதுப்பிக்கும் நிரலை இதுகாறும் எவரும் இயற்றிலர். ஆகவே, அம்மாணவரைக் கண்டு பேசிய நாளின் இரவே, அதே இடத்தில் எழுந்து நின்று, அவர் பெயரைச் சொல்லி, அவர் செலுத்திய நாளையும் தொகையையும் படித்து, "பிழை என்னுடையது, அட்டவணையை நம்பினேன், மனிதரை நம்பவில்லை" என்றேன். என் குரல் நடுங்கிற்று. அன்று சிரித்த மேசையில் இம்முறை சிரிப்பில்லை. அம்மாணவர் தலை நிமிராது சோறு பிசைந்துகொண்டிருந்தார். ஆயினும், மறுநாள் காலை உணவிற்கு வந்திருந்தார். என் பேச்சைக் கேளாது வெளியே சென்றிருந்தவர் உள்ளத்தில் பழைய நகல் இன்னும் இருக்கலாம். இதனைப் படிப்போரில் அத்தகையார் எவரேனும் இருப்பின், அன்புகூர்ந்து திருத்திக்கொள்வாராக.

இவ்வாண்டு கணக்கர் பொறுப்பை ஏற்கும் தம்பிக்கு யான் சொல்லிச் செல்லத்தக்கவை மூன்று. உண்மையை ஓரிடத்தில் வை. காட்டுவன எல்லாம் அதினின்றே பிறக்கட்டும். எவரையும் அவர் நிற்கும் இடத்தால் அறியாதே. அவருக்கே உரிய அடையாளத்தால் அறி. இவ்விரண்டையும் செய்து முடித்த பின்னரும், ஒருவர் எழுந்து நின்று, "அண்ணா, நான் கட்டிவிட்டேனே" என்றால், கையிலுள்ள தாளைத் தூக்கிக் காட்டாதே. அடிக்கட்டையைப் போய்ப் பார்.